சட்டைப்பையில் இருந்த நாற்பது நூல் துண்டுகள் குறித்து

அனுப்புநர்:
பயிற்சி எண் 31-இன் மனைவி,
தையல் தொழிலாளி.
(முழு முகவரி உறையின் பின்புறம் உள்ளது.)

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
தொழிற்பயிற்சித் தேர்வுப் பிரிவு,
இரண்டாம் மாடி.

பொருள்: வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் அமைத்துத் தரும் ஆறு மாதப் பயிற்சி – செய்முறைத் தேர்வில் முறைகேடு செய்ததாக என் கணவர்மீது விதிக்கப்பட்ட இரண்டு வருடத் தடையை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரிவின் தடை உத்தரவு, சென்ற வெள்ளிக்கிழமை கையில் தரப்பட்டது.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதித் தருபவரிடம்தான் முதலில் போனேன். அவர் நன்றாகவே எழுதினார். ஆனால் "ஒரு பாவமும் அறியாத என் கணவர்" என்று ஆரம்பித்தார். என் கணவர் ஒரு பாவமும் அறியாதவர் அல்ல. ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அது எங்கே, எதற்காக என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆகவே அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, என் கையாலேயே எழுதினேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவருக்கு வயது நாற்பத்தாறு. ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். கரண்ட் போன வீடுகளுக்கும் கடைகளுக்கும் வண்டியில் கொண்டுபோய் இறக்கி, ஓட்டிக்கொடுத்து, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். வீட்டுக் கூரைகளில் பேனல் வர வர, ஜெனரேட்டர் கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். போன வருடம் கடையை இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு வாரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். எட்டாவது நாள் காலையில் எழுந்து முகம் கழுவி, "என் சோத்துல மண்ணள்ளிப் போட்ட சாமான்கிட்டயே போய் வேலை கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, தங்கள் பயிற்சி நிலையத்தில் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தார். அந்தப் பயிற்சியில் சேர உச்ச வயது நாற்பத்தேழு. இந்த இரண்டு எண்களையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தடை முடிகிறபோது அவருக்கு நாற்பத்தெட்டு ஆகியிருக்கும். உத்தரவில் இரண்டு வருடம் என்று இருந்தாலும், எங்கள் வீட்டில் அதற்குப் பொருள் இனி எப்போதும் இல்லை என்பதுதான்.

2. அந்த ஆறு மாதமும் எங்கள் முன்னறை பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டே அறை உள்ள வீடு. ஜன்னலோரம் என் தையல் மெஷின். மீதி இடம் முழுவதும் அவருடைய கூரையாகிவிட்டது. என் இஸ்திரிப் பலகையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் அட்டைகளை வெட்டி அடுக்கி, வெயில் எந்தச் சாய்வில் விழும் என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். பல்ப் மாற்றுவதற்குக்கூட பாதுகாப்பு பெல்ட்டை மாட்டி, ஜன்னல் கம்பியில் கொக்கியைப் போட்டுக்கொண்டுதான் ஸ்டூலில் ஏறினார். "ஸ்டூல்ல இருந்து விழுந்தா உயிரா போயிடும்?" என்று கேட்டேன். "பழக்கம் வரணும்ல" என்றார். இஸ்திரி போட வந்த துணிகள் கட்டிலில் கிடந்தன. வாடிக்கையாளர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு நாள் மாலை தலைமுடியெல்லாம் தூசியோடு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "இன்னிக்கு நாங்க மாட்டின பேனல்ல ஃபேன் ஓடுச்சு" என்றார். சாப்பிடும்போதும் சொன்னார். படுக்கப் போகும்போதும் சொன்னார். இருபத்திரண்டு வருடம் டீசல் வாடையோடு வந்து பேசாமல் படுத்துக்கொண்ட மனிதர் அவர். அவரை அப்படிப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது ஐயா.

3. இனி விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி தொடங்கி மூன்றாவது வாரம், பத்துப் பன்னிரண்டு துண்டு வயர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளக்குக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு கூறாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பாசிட்டிவ் வயர் சிவப்பு, நெகட்டிவ் வயர் கறுப்பு என்பது தங்களுக்குத் தெரிந்ததே. நான் அந்தப் பக்கம் போனபோது, "ஏன் செவப்பையும் கறுப்பையும் கலந்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். ஏதோ பெரிய தத்துவம் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் சொன்னார். நல்ல வெயிலில், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதோ லேசாக வேறுபாடு தெரியுமாம். ஒன்றை மட்டும் தனியாகக் காட்டினால் சிவப்பா கறுப்பா என்று சொல்ல முடியாதாம். சிறு வயதிலிருந்தே அப்படித்தானாம்.

4. இந்த இடத்தில் என் பக்கத்துத் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். நான் தையல்காரி. நாள் முழுவதும் நிறம் பார்த்து நூல் கோப்பதுதான் என் வேலை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக, அரக்கு நூல் வாங்கி வரச் சொன்னால் கறுப்பு நூல் வாங்கி வருவார். கறுப்பு கேட்டால் அரக்கு வரும். ஒவ்வொரு முறையும் "ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுதா" என்று திட்டியிருக்கிறேன். கவனமில்லாதவர் என்று என் அக்காவிடமும், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு முறைகூடக் காரணம் சொன்னதில்லை, திரும்பக் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவார். கல்யாணமான முதல் வருடம் நான் ஒரு கறுப்புத் துணி கேட்டேன். அவர் நல்ல ரத்தச் சிவப்பில் ஒன்று வாங்கி வந்து, "இந்தா, நீ கேட்ட கறுப்பு" என்று நீட்டினார். குறும்பு பண்ணுகிறார் என்று நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன். கறுப்பு கேட்டவளுக்குச் சிவப்புதான் பொருந்தும் என்று நினைத்து வாங்கினார் என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். நான் சிரித்த பிறகுதான் அது கறுப்பு இல்லை என்பதே அவருக்குத் தெரிந்ததாம். என் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டாராம். இதைக் கேட்டு அன்று நான் நிறைய அழுதேன். இது தேர்வுக்குச் சம்பந்தமில்லாதது என்று தாங்கள் கருதினால் இந்தப் பத்தியைத் தள்ளிவிடலாம்.

5. பொய் இங்கேதான் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, "நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டா?" என்பது. என் கணவர் "இல்லை" என்று எழுதினார். தெரிந்தே எழுதினார். நான் கேட்டதற்கு, "உண்டுன்னு எழுதினா வாசலோட அனுப்பிடுவாங்க. அந்தக் கண்ண வெச்சுக்கிட்டுத்தானே இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்தேன். ஒரு நாள் ஒரு தப்பு உண்டா?" என்றார். ஜெனரேட்டரில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இரும்பிலேயே புடைத்திருக்குமாம், கையாலேயே தெரிந்துவிடுமாம். அவர் சொன்னது காரணம்தான், ஆனாலும் பொய் பொய்தான் என்று அன்றே சொன்னேன். அதற்குத் தாங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். ஆனால் தாங்கள் கொடுத்திருப்பது அதற்கான தண்டனை அல்ல. அவர் செய்யாத வேறொன்றுக்கான தண்டனை.

6. உத்தரவில் "தேர்வரின் சட்டைப்பையில் நாற்பது நூல் துண்டுகள் கைப்பற்றப்பட்டன" என்று இருக்கிறது. அவற்றை வெட்டிக் கொடுத்தது நான். எட்டு போதும் என்றுதான் கேட்டார். அவருக்கு எதையும் எண்ணிக் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. அவருடைய முறை இது: எந்த வயரையும் அவர் கண்ணால் நம்ப மாட்டார். ஒவ்வொன்றிலும் மின்சாரம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்ப்பார். மீட்டர் எதைப் பாசிட்டிவ் என்று காட்டுகிறதோ, அதில் ஒரு வெள்ளை நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சை நான்தான் கற்றுக்கொடுத்தேன். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும்போது தற்காலிகமாகப் போடுவது, ஒரு இழுப்பில் அவிழ்ந்துவிடும். டேப் ஒட்டினால் வெயிலில் பசை இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் நூல். கூரைக்கு அடியில் இருட்டான இடத்திலும் விரலுக்குத் தெரியும் என்பதாலும் நூல். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்வார். முன்னறையில் ஐந்து மாதத்துக்கு மேல் இதை நாங்கள் சேர்ந்து பழகினோம். நான் வேண்டுமென்றே வயர்களை மாற்றி மாற்றி வைத்து ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். என்னிடம் ஒரு முறைகூட அவர் ஏமாறவில்லை.

7. பயிற்சி நிலையத்து ஆசிரியை இந்த முடிச்சுகளை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறார். "நல்ல பழக்கம், மத்தவங்களும் அளந்து பாத்துட்டு மாட்டுங்க" என்று சொல்லியும் இருக்கிறார். தேர்வு நாளில் சொந்த ஆசிரியர்கள் உள்ளே இருக்கக்கூடாது என்பது விதி என்பதால் அவர் அங்கே இல்லை. அவரைத் தேடிப் போய் ஒரு கடிதம் வாங்கி இணைத்திருக்கிறேன். எதற்காகக் கட்டுகிறார் என்பது தனக்குத் தெரியாது என்பதையும் அதில் எழுதியிருக்கிறார். நான் அந்த வரியை விட்டுவிடும்படி கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டார். நேர்மையானவர்.

8. தேர்வு புதன்கிழமை நடந்தது. பயிற்சிக் கூரையின் மேல் நான்கு வரிசை பேனல்கள். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் இரண்டு வயர் பைப்புக்குள் இறங்கிச் சுவரில் உள்ள பெட்டிக்கு வருகிறது. எட்டு முனைகளையும் நாற்பது நிமிடத்துக்குள் பெட்டியில் சரியாகப் பொருத்த வேண்டும். பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது, வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் இது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. ஆனால் தேர்வில் இன்வெர்ட்டரை ஓடவிட்டுப் பார்ப்பதில்லை. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு இருக்கிறதா என்று தேர்வாளர் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுகிறார். நேரம் குறைவு என்பதால் பிள்ளைகள் பலரும் முதல் வயரை மட்டும் அளந்துவிட்டு, மற்றதை நிறம் பார்த்துச் செருகிவிடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. என் கணவர் எட்டையும் அளந்தார். தேர்வாளருக்கு போன் வந்து வாசல்வரை போய்வரப் பத்து நிமிடம் ஆனது. அவர் திரும்பி வந்தபோது நான்கு வயர்களில் நூல் கட்டியிருந்தது.

9. "யார் கட்டினது இது?" என்று தேர்வாளர் கேட்டார். "நான்தான் சார்" என்றார் என் கணவர். "எதுக்கு? முன்னாடி முடிச்சவன் யாராவது அடையாளம் சொல்லிக் குடுத்தானா? மூணாவதுல பாருங்க, கறுப்புல கட்டி வெச்சிருக்கீங்க. அடையாளத்தக்கூட ஒழுங்கா வாங்கல போல" என்றார். என் கணவர் பதில் சொல்லவில்லை. பையைக் காட்டச் சொன்னார், காட்டினார். கட்டியது போக மீதி நாற்பது துண்டும் வெளியே வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். உத்தரவில் "விளக்கம் கேட்டபோது தேர்வர் மௌனம் சாதித்தார்" என்று இருக்கிறது. அது உண்மை. காரணத்தைச் சொன்னால் ஒன்பதாவது கேள்வி வெளியே வரும். சொல்லாவிட்டால் காப்பியடித்தவர் என்று ஆகும். அவரைக் கேட்டேன். "வாயே வரலம்மா" என்றார். சாமர்த்தியமாக யோசித்துப் பேசாமல் இருந்தார் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். அவ்வளவு சாமர்த்தியம் இருந்திருந்தால் நாங்கள் இந்த இரண்டு அறை வீட்டில் இருக்க மாட்டோம்.

10. வெள்ளிக்கிழமை உத்தரவை வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸில் வரும்போது நடந்ததைத் தாங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். எல்லாம் போயிற்று என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு, தேர்வாளர் சொன்ன ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. கறுப்பில் கட்டியிருக்கிறீர்கள் என்ற வார்த்தை. எந்த வயர் என்ன நிறம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அவருக்குத் தெரிந்தது மீட்டர் மட்டும்தான். மீட்டர் அதைப் பாசிட்டிவ் என்றது. தேர்வாளர் அதைக் கறுப்பு என்றார். இரண்டும் உண்மையானால், அந்த மூன்றாவது வரிசையில் நிறம் மாறிக் கிடக்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரம்தான் அணில் கடித்துவிட்டது என்று அந்த வரிசைக்கு மட்டும் பைப்புக்குள் புது வயர் இழுத்தார்கள். மேலே இணைக்கும்போது சிவப்பைக் கொண்டுபோய் நெகட்டிவில் கொடுத்துவிட்டார்கள். தேர்வு எழுதிய முப்பத்தாறு பேரில் அந்த வரிசையைச் சரியாகப் பொருத்தியவர் என் கணவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதற்குத்தான் அவருக்கு "மூன்றாம் இணைப்பு தவறு" என்று மதிப்பெண் போகிறது. இந்தப் பதற்றத்தில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே வந்து சேர்ந்தார். வந்ததும் தடையைப் பற்றிப் பேசவில்லை. "திங்கக்கிழமை புது பேட்ச் வருது. மொத நாளே இன்வெர்ட்டரப் போட்டுக் காட்டுவாங்க" என்றார்.

11. (இந்தப் பத்தி என்னால் அடிக்கப்பட்டுள்ளது. சனிக்கிழமை எழுதியபோது இதில், "அந்த மூன்றாவது வரிசை வயரை யாரும் தொடாதபடி பெட்டியைப் பூட்டி, தாங்கள் நேரில் வந்து மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்" என்று கேட்டிருந்தேன். ஏன் அடித்தேன் என்பது அடுத்த பத்தியில்.)

12. எங்களுக்குள் இதில் பெரிய சண்டை நடந்தது. நான்கு வரிசையையும் பெட்டியில் ஒன்றுசேர்த்து ஓடவிட்டால், தலைகீழாக இருக்கும் ஒன்று மற்ற மூன்றோடு மோதும், பெட்டி சூடாகிப் பொறி பறக்கும், பக்கத்தில் நிற்கிறவன் முகத்தில்தான் முதலில் அடிக்கும் என்றார். உடனே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றார். நான் விடவில்லை. "அது ஒண்ணுதாங்க உங்களுக்குச் சாட்சி. அத மாத்திட்டா அப்புறம் யார் நம்புவா? திங்கக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ் திறந்ததும் மனுவக் குடுத்துடுறேன், பெரியவங்க வந்து பாக்கட்டும்" என்றேன். "வகுப்பு ஒன்பது மணிக்கு" என்றார். யாராவது முதலில் அளந்து பார்ப்பார்கள் என்றேன். "முப்பத்தஞ்சு பேரு அளக்கலையே" என்றார். என் தலைமேல் கைவைத்து, மனு கொடுக்கும்வரை அங்கே போக மாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். வேண்டா வெறுப்பாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. தட்டில் போட்டது அப்படியே இருந்தது. நான் கண்டும் காணாமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். என் மனது கல்லாக இருந்தது ஐயா. யாருடைய பிள்ளைகளோ எப்படியோ போகட்டும், என் வீட்டுக்காரருக்கு இந்த ஒன்று கிடைக்க வேண்டும் என்றுதான் அன்று நினைத்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

13. இன்று திங்கட்கிழமை காலையில் நான் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. பாதுகாப்பு பெல்ட்டும் இல்லை. ஏழு மணிக்கே பயிற்சி நிலையத்துக்குப் போய், அங்கே வேலை பார்க்கும் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே விடச் செய்து, இருவருமாகக் கூரையில் ஏறி இணைப்பைச் சரியாக மாற்றியிருக்கிறார்கள். தடை விதிக்கப்பட்டவரை உள்ளே விட்டவர் யார் என்று தாங்கள் கேட்டால் நான் சொல்ல மாட்டேன். அவரைச் சாட்சிக்கும் இழுக்க மாட்டேன், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஒன்பதரைக்கு என் கணவர் திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். "மாத்திட்டேன். உன் தலையில கைவெச்சு சொன்னத மீறிட்டேன்" என்றார். நான் ஒரு மணி நேரம் அவரோடு பேசவில்லை. பிறகு தட்டு வைத்தேன், சாப்பிட்டார். இரண்டு நாளுக்குப் பிறகு சாப்பிட்டார். இந்த மனுவை முதலிலிருந்து கடைசிவரை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய கண் விஷயத்தை வெளியே சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பதால் கேட்டேன். "எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்" என்றார்.

14. ஆகவே என் நிலைமை இதுதான். அந்த வயர் இப்போது சரியாக இருக்கிறது. கழற்றி மாட்டிய பிறகு அது மற்ற வயர்களைப் போல ஒரு வயர், அதனிடம் கேட்டால் ஒன்றும் சொல்லாது. இன்று காலை புது வகுப்பில் இன்வெர்ட்டர் ஓடியிருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நடக்காத ஒன்றுக்கு நான் எங்கே போய்ச் சான்று வாங்குவது? என் கணவர் சொல்வதைத் தவிர வேறொன்றும் இல்லை. அவரோ ஏற்கெனவே ஒரு படிவத்தில் பொய் எழுதியவர். தாங்கள் நம்பாவிட்டால் தங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம்புவதற்கு முன்னால் ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

15. தாங்கள் மனமிரங்கிச் செய்ய வேண்டியவை:

முதலாவது, உத்தரவில் உள்ள "முறைகேடு" என்ற சொல்லை நீக்க வேண்டும். தவறான தகவல் தந்தார் என்று வேண்டுமானால் எழுதுங்கள், அது உண்மை. காப்பியடித்தார் என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது, அவருக்கு ஒரு மறுதேர்வு வைக்க வேண்டும். எத்தனை வயர் வேண்டுமானாலும் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் வையுங்கள். நிறத்தை மாற்றி வைத்தாலும் சரி. கையில் ஒரு மீட்டரும் கொஞ்சம் நூலும் கொடுத்து, பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திப் பாருங்கள். அவர் பொருத்திய பிறகு சுவிட்சைத் தாங்களே போடுங்கள். ஒரு வயர் தவறினாலும் நாங்கள் மறுபடி இந்த மாடிப்படி ஏற மாட்டோம்.

மூன்றாவது, இது எனக்காக அல்ல. தேர்வில் எல்லோரையும் எட்டு வயரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு இன்னும் பத்து நிமிடம் கூட்டிக் கொடுங்கள். இதை எழுதச் சொன்னது என் கணவர்.

பயிற்சி முடித்தால் அவருக்கு வேலை தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் இந்த மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. காலம் தாழ்த்தாமல் முடிவு சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மனு நீண்டுவிட்டது. இத்தனையையும் பொறுமையாகப் படித்திருந்தால் அதற்கே முதலில் நன்றி.

நாள்: திங்கட்கிழமை, பிற்பகல்.
இடம்: இரண்டாம் மாடி, தங்கள் அறைக்கு வெளியே.

இப்படிக்கு,
மேலே எழுதியது அனைத்துக்கும் பொறுப்பேற்கும்,
பயிற்சி எண் 31-இன் மனைவி
(கையொப்பம்)

இணைப்புகள்:
1. தடை உத்தரவின் நகல்.
2. பயிற்சி ஆசிரியையின் கடிதம்.
3. என் கணவர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் வருவார்.